நடுக்கூடத்தில் எழும்பிய வினைல் பலகை: ஒரு வீட்டுத் தரைப் பழுதின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தரைத்தளத்தில் இருக்கும் வீடு. கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் நடுவில் சுவரில்லாமல் ஒரே நீட்டாக இருக்கின்றன. நீளம் சுமார் 9 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஒரு முனையில் தோட்டத்தைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு. மறுமுனையில் சமையல் மேடையின் கீழலமாரிகள். சிமெண்டுத் தரைமேல் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வினைல் பலகை பதித்திருக்கிறார்கள். 5 மி.மீ. கனம், 18 செ.மீ. அகலம், 1.2 மீட்டர் நீளம். அடியில் மெல்லிய நுரை ஒட்டியே வரும் ரகம். பசை கிடையாது. ஒரு பலகையின் ஓர நாக்கு அடுத்ததன் பள்ளத்துக்குள் மாட்டிப் பூட்டும் கிளிக் லாக்கில் பலகைகளைக் கோத்து, மொத்தத் தரையையும் சிமெண்டில் ஒட்டாமல் மிதக்கவிடும் முறை.

இந்தப் பலகை எதனால் ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே மெல்லிய காப்புப் பூச்சு. அதற்குக் கீழே ஒளி ஊடுருவும் தேய்மானப் படலம். வீடுகளுக்கு விற்பவற்றில் இது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மி.மீ. வரைதான். அதற்கும் கீழே மரவரி அச்சிட்ட படலம். மீதிக் கனம் முழுவதும் சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்து அழுத்திய கட்டை. எஸ்பிசி என்று கடைகளில் சொல்வது இதைத்தான். மரம் என்று எதுவும் இதில் இல்லை. அதனால் மரத்தரையைப் போல இழைத்துப் புதுப்பிக்க முடியாது. கீறல் அச்சுப் படலத்தைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும், இல்லையேல் பலகையையே மாற்ற வேண்டும்.

வீட்டில் ஒரு தம்பதியும், ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு முதியவரும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது சின்ன வேலை. குளிர்பதனப் பெட்டியை இழுத்தபோது கூடத்தின் நடுவே ஆழமாகக் கீறிய ஒரு பலகை; சாப்பாட்டு மேசைப் பக்கம் மூட்டு எழும்பி முனை உடைந்த இன்னொன்று. "இந்த ரெண்டை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்" என்றார் கணவர். பதித்தபோது மிஞ்சிய 7 பலகைகளைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தார். பலரிடம் இது இருப்பதில்லை. ஒரு நிறம் சந்தையிலிருந்து போய்விட்டால், அதே கிளிக் லாக்கோடு பொருந்தும் பலகை பிறகு கிடைப்பது அரிது.

கண்டவை

எழும்பிய மூட்டை அவர் தாமே ஒருமுறை சரிசெய்ய முயன்றிருந்தார். மூட்டுக்குள் உடனடிப் பசையை விட்டு, மேலே கனமான பெட்டிகளை ஏற்றி வைத்திருக்கிறார். இரண்டு நாள் நின்றது. பிறகு மறுபடி எழும்பியது, இந்த முறை ஓரச்சில்லும் பெயர்ந்தது. பசை பக்கத்து வரிசைப் பலகைக்கும் கசிந்து பிடித்திருந்தது.

தரையில் ஈரம் ஏறியிருக்கும் என்பது கணவரின் எண்ணம். மனைவி சொன்னது வேறு. "காலையில பாத்தா ஒண்ணுமே தெரியாதுங்க. மத்தியானத்துக்கு மேல மாமா நடக்கும்போது அந்த எடத்துலதான் கோல் தட்டும்." கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் ஆய்வு முழுவதும் அந்த வாக்கியத்திலிருந்துதான் கிளம்பியது. ஈரத்தால் வரும் கோளாறு இப்படிக் காலையும் மாலையும் ஏறி இறங்காது. வெப்பத்தால் வருவது ஏறி இறங்கும்.

சொன்னதை அளந்து பார்த்தோம். எஃகு அளவுகோலை மூட்டின்மேல் நிறுத்தி அடியில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகியதில், காலையில் 0.3 மி.மீ. இடைவெளி, பிற்பகல் 3 மணிக்கு 1.5 மி.மீ. அகச்சிவப்பு வெப்பமானியில் அந்நேரம் கண்ணாடிக் கதவோரப் பலகைகள் 48 டிகிரி காட்டின. கூடத்தின் உட்பக்கம் 29 டிகிரிதான்.

கலப்பில்லாத கட்டிப் பிவிசி, 10 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்கு மேலேயே நீளும். சுண்ணாம்புக்கல் கலந்த எஸ்பிசி அவ்வளவு நீளாது என்றாலும், நீளாமல் இருக்காது. 9 மீட்டர் ஓட்டத்தில் அதைக் கூட்டினால் மில்லிமீட்டர் கணக்கில் வரும். இதற்காகத்தான் மிதக்கும் தரையின் நான்கு ஓரத்திலும் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், வழக்கமாக 6 முதல் 10 மி.மீ. வரை. அதைச் சுவரடிப் பட்டையான ஸ்கர்டிங் மறைத்துவிடும்.

இங்கே அந்த இடைவெளி இருக்கிறதா என்பதே கேள்வி. பக்கச் சுவர்களில் இருந்தது. கண்ணாடிக் கதவின் சட்டத்தருகே மூடுபட்டையை எடுத்தபோது பலகைகள் சட்டத்தை முட்டிக்கொண்டு நின்றன. விட்டிருந்த கொஞ்ச இடைவெளியிலும் கெட்டியான நிரப்பி. மறுமுனையில் நிலைமை இன்னும் மோசம். மேடையின் கீழலமாரிகளைப் பலகைமேலேயே நிறுத்தி, அலமாரிக் கால்களைப் பலகையைத் துளைத்துச் சிமெண்டுவரை திருகியிருந்தார்கள். ஒரு முனை அறையப்பட்டிருக்கிறது, மறுமுனை முட்டி நிற்கிறது. நீளும் தரை நடுவில் எங்காவது கூம்பித்தான் ஆக வேண்டும்.

ஏன் அந்த மூட்டில் மட்டும்? 2 மீட்டர் அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்ததில் அந்த இடத்தின் கீழே 4 மி.மீ. பள்ளம். 3 மீட்டருக்கு 5 மி.மீ. ஏற்றத்தாழ்வு வரை பொறுக்கலாம் என்பது பரவலான வரம்பு. 2 மீட்டருக்குள்ளேயே 4 மி.மீ. என்பது அதைத் தாண்டியது. மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு காலடிக்கும் பலகை கீழே வளைந்து நிமிர்ந்திருக்கிறது. நடக்கும்போது வந்த 'டக்' சத்தம் அதுதான். கிளிக் லாக்கின் அடியுதடு, அதாவது நாக்கைக் கீழிருந்து தாங்கும் விளிம்பு, அப்படித்தான் விரிந்து உடைந்தது. நெருக்கடி வந்தபோது பலவீனமான மூட்டு முதலில் விட்டுக்கொடுத்தது.

ஈரத்தைச் சோதிக்காமலும் விடவில்லை. பிறகு பலகைகளைக் கழற்றியபோது, சுமார் 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் சிமெண்டில் ஒட்டி, 16 மணி நேரத்துக்கு மேல் விட்டோம். அடியில் நீர்த்துளி இல்லை, சிமெண்டு கறுக்கவும் இல்லை. எவ்வளவு ஈரம் என்று இந்தச் சோதனை எண்ணாகச் சொல்லாது. இந்த வீட்டில் ஐயத்தைத் தீர்க்க அது போதுமாக இருந்தது.

கதவுக்கு அருகே மிதியடி கிடந்த இடத்தில் பழுப்புக் கறையும் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு வரிசை பற்றியது: உடைந்த பலகையைத் தொடுவதற்கு முன் தரையை விடுவிப்பது. இதற்குக் கணவர் எளிதில் ஒப்பவில்லை. பலகை மாற்ற வந்தவன் அலமாரி அடியை வெட்டப் போகிறேன் என்றால் யாருக்கும் தயக்கம் வரும். நெருக்கடி அப்படியே இருக்க, புதுப் பலகையைப் பூட்டினால் அடுத்த வெயிலில் அது அல்லது அதற்கடுத்தது எழும்பும் என்று காலை, பிற்பகல் அளவுகளைக் காட்டிச் சொன்னேன். மிச்சப் பலகை 7தான் என்பது அவரை இளக்கியது.

ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்தினால் படியாதா என்று கேட்டார். பசையில் ஒட்டிய மெல்லிய, வளையும் வினைல் பலகைக்கு அது உதவும். சூட்டில் பசை இளகும், பலகையும் படியும். எஸ்பிசி விறைப்பானது. மேல்பூச்சுதான் மஞ்சளிக்கும். பிவிசியை அளவுமீறிச் சூடாக்கினால் நச்சு வாயு வேறு வரும். அந்த வழியை விட்டுவிட்டோம்.

அடுத்தது, எந்தப் பலகையை எப்படி எடுப்பது. உடைந்த மூட்டு பக்கச் சுவரிலிருந்து 6ஆவது வரிசை. கடைசியாகப் பதித்த சுவரும் அதுவே. ஓரத்தில் நீளவாக்கில் அறுத்த குறுகல் வரிசை இருந்ததால் தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து கழற்றிக்கொண்டே போவதுதான் கிளிக் லாக்குக்கு நல்லது. எப்படியும் அடியிலுள்ள பள்ளத்தை நிரப்ப அந்த இடம் திறந்தே ஆக வேண்டும். ஆகவே, அங்கே ஆறு வரிசைகளையும் கழற்றுவது என்று முடிவானது.

கீறல் விழுந்த பலகை 11ஆவது வரிசை. அதுவரை கழற்றுவதென்றால் இன்னும் ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டுப் பலகை. ஒவ்வொரு பூட்டைத் திறக்கும்போதும் ஒரு உதடு உடையும் வாய்ப்பு உண்டு. அதன் பூட்டுகளுக்கோ அடித்தரைக்கோ பழுதில்லை. மேற்பரப்பு மட்டும்தான் போயிருந்தது. அதை இருந்த இடத்திலேயே அறுத்தெடுத்து மாற்றுப் பலகையை மேலிருந்து இறக்கலாம் என்று தீர்மானித்தோம்.

அதே இழுப்பில் விழுந்த மற்ற இரண்டு கீறல்கள் நகத்தில் தட்டுப்பட்டாலும் அச்சுப் படலத்தைத் தொடவில்லை. ஒன்றைச் சும்மா விட்டோம். மற்றது மேசை விளிம்பில் வெளிச்சம் படும் இடம். அதை மட்டும் நிறம் பொருத்திய கெட்டி மெழுகால் நிரப்பச் சம்மதித்தேன்.

பெட்டியிலிருந்த பலகை பளபளவென்று இருந்தது. தரையில் இருப்பது மூன்று ஆண்டு வெயிலும் காலடியும் பட்டது. கூடத்தின் நடுவில் புதியதைப் போட்டால் ஒட்டுத்துணி மாதிரி தெரியும். கழற்றப்போகும் ஆறு வரிசைகளில் அதே அளவு வெளிச்சம் பட்ட பலகை ஒன்றை எடுத்து 11ஆவது வரிசைக்குக் கொடுத்துவிட்டு, புதியதைச் சுவரோர அலமாரிக்கு அடியில் வரும் வரிசையில் வைப்பது என்று ஏற்பாடு. செலவில்லாத இந்த மாற்றம், வேலை முடிந்தபிறகு கண்ணுக்குத் தெரிந்த பெரிய பலன்.

செய்த வேலை

கண்ணாடிக் கதவருகே கெட்டி நிரப்பியைச் சுரண்டி எடுத்து, பலகை முனைகளை அதிர்வு அறுவைக் கருவியால் 8 மி.மீ. பின்னுக்கு வெட்டினோம். அதை மறைக்கும் உலோகப் பட்டையைச் சிமெண்டில் மட்டும் திருகினோம், பலகையில் ஒரு திருகும் இல்லை. சமையலறையில் அலமாரிகளை அசைக்கவில்லை. அவற்றின் முன்பக்க மறைப்புப் பலகையைக் கழற்றி, அதன் பின்னால் தரையை நீளமாக அறுத்து, 8 மி.மீ. பிளவு விட்டோம். அலமாரி தன் துண்டின்மேல் நிற்கும், மீதித் தரை அதிலிருந்து விடுபடும். மறைப்புப் பலகையை மாட்டியதும் வெட்டு தெரியவில்லை. சுண்ணாம்புத் தூள் நிறைய பறக்கும் வேலை; முகமூடியும், பக்கத்திலேயே தூசி உறிஞ்சியும் வேண்டும்.

பிறகு ஒரு வாரம் எதையும் தொடவில்லை. அந்த வாரத்தில், யாரும் கவனித்திராத இன்னொரு மேட்டுமூட்டு தானாகவே படிந்தது. உடைந்த மூட்டும் தாழ்ந்தது, ஆனால் உதடு போனதால் கால் வைத்தால் ஆடியது.

ஸ்கர்டிங்கை எடுத்து, ஒவ்வொரு பலகைக்கும் காகித டேப்பில் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதி ஒட்டிய பிறகே கழற்ற ஆரம்பித்தோம். வரிசை முழுவதையும் இரண்டு பேராகச் சற்றே சாய்த்துத் தூக்கினால் நீளப்பக்கப் பூட்டு விடும். குறுக்குப்பக்கம் மேலிருந்து அழுத்திப் பூட்டும் ரகம், நடுவில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை மேல்நோக்கி இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் நீளவாக்கில் நகர்த்தி எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்து எடுத்தும் ஒன்று உடைந்தது. உடனடிப் பசை கசிந்த இடத்தில் மூன்று பலகைகள் ஒரே கட்டியாக வந்தன. அவற்றைப் பிரிக்க முடியவில்லை, மூன்றும் வீண்.

அடியில் வெறும் சிமெண்டு இருந்தது நல்லதாயிற்று. 1980களிலோ அதற்கு முன்போ போட்ட பழைய வினைல் டைலோ கறுப்புப் பசையோ தென்பட்டால் அதைச் சுரண்டக் கூடாது. தூசியாய் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அதில் இருக்கக்கூடும், சோதனைக்குக் கொடுத்த பிறகே மேலே போக வேண்டும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்து பிரைமர் அடித்து, சிமெண்டு சார்ந்த சமன்செய் கலவையை ஊற்றி, ஓரங்களை மெலிதாக இழுத்துவிட்டோம். அட்டையோ நுரைத்துண்டோ வைத்து மேடாக்கலாமே என்று கேட்பார்கள். அவை காலடியில் நசுங்கும். பழைய ஆட்டம் திரும்ப வரும். கலவை காய்ந்தபின் சட்டத்தை வைத்துப் பார்த்ததில் 1 மி.மீ.க்கு மேல் எங்கும் ஒளி தெரியவில்லை.

11ஆவது வரிசை அறுவைக்குத்தான் அதிக நிதானம் வேண்டியிருந்தது. ஓரங்களிலிருந்து 4 செ.மீ. உள்ளே ஒரு செவ்வகம் வரைந்து, அதன் மூலைகளில் சிறு துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுத்தோம். கருவியின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கே நிறுத்தியிருந்தோம். நடுத்துண்டு வந்ததும், செவ்வக மூலையிலிருந்து பலகை மூலைவரை சாய்வாக வெட்டி, நான்கு ஓரத் துண்டுகளையும் உள்நோக்கி உருவினோம். பக்கத்துப் பலகைகளின் நாக்கும் உதடும் சேதமாகக் கூடாது என்பதே இங்கு முழுக் கவனம். வெட்டு பலகை மூலையைத் தாண்டி ஒரு மி.மீ. போனாலும் அண்டைப் பலகையில் நிரந்தர வடு.

மாற்றுப் பலகைக்கு இரண்டு பக்கம் நாக்கு, இரண்டு பக்கம் பள்ளம். நீளப்பக்க நாக்கை வைத்துக்கொண்டோம். அது சாய்வாக அண்டைப் பள்ளத்துக்குள் நுழையும். குறுக்குப்பக்க நாக்கைச் சீவிவிட்டோம். பள்ளம் உள்ள இரண்டு பக்கத்திலும் அடியுதட்டை மட்டும் வெட்டினோம். மேலுதடு அண்டைப் பலகையின் நாக்குமேல் உட்காரும். பசை போடாமல் ஒருமுறை இறக்கிப் பார்த்தோம். பிறகு இரட்டைக் கலவை எப்பாக்ஸியை அண்டை நாக்குகளிலும் உதட்டிலும் மெல்லிய கோடாகப் பூசினோம். உடனடிப் பசை வேண்டாம் என்றதற்குக் காரணம், அது நகர்த்திப் பொருத்த நேரம் தராது. மூட்டுக்கு அடியில் பாலித்தீன் கீற்றை நுழைத்து வைத்தோம். எப்பாக்ஸி சிமெண்டில் சொட்டினால் பலகை அங்கே ஒட்டிக்கொள்ளும். விடுவித்த தரையை மறுபடி அறைந்ததாகிவிடும். மேலே வழிந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் உடனே துடைத்தோம். அசிட்டோன் பிவிசியையே இளக்கும். அதைத் தரைப்பக்கம் கொண்டுவரவில்லை. மறுநாள் வரை எடை ஏற்றி வைத்திருந்தோம்.

கழற்றிய வரிசைகளை எண் பார்த்துத் திரும்பக் கோத்தது விரைவாக முடிந்தது. 7 பலகையில் 5 செலவு: பசையில் கட்டிய மூன்று, கழற்றும்போது உடைந்த ஒன்று, நடுக்கூடத்துக்குப் போனதன் இடத்தில் ஒன்று.

பிறகு நடந்தது

அடுத்த வெயில் காலம் முழுவதும் வீட்டம்மா கதவருகே மூடுபட்டைக்குப் பக்கவாட்டில் இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்துவைத்தார். காலையில் 8 மி.மீ. இருந்தது கடும் வெயிலில் 6 ஆனது, இரவில் திரும்பியது. பழைய இடத்தில் மூட்டு எழும்பவில்லை, சத்தமும் நின்றது. முதியவரின் கோல் தட்டுவதில்லை என்பதை அவர்கள் முதல் பலனாகச் சொன்னார்கள்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. அறுத்து வைத்த பலகையின் ஒரு குறுக்கோரம் காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது மெல்லிய கோடாகத் தெரிகிறது. விரலில் தடவினாலும் உணரலாம். எடை ஏற்றியபோது அந்த முனை சற்றே உயர்ந்து நின்றிருக்க வேண்டும். மெழுகு நிரப்பிய கீறல் சில மாதத்தில் மங்கி, சுற்றியுள்ள பளபளப்பிலிருந்து வேறுபட்டது. இது எதிர்பார்த்ததே.

மிதியடிக் கறை போகவில்லை. ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியிலிருந்து, ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி நிறம் மாறுகிறது. அது மேலே படிந்த அழுக்கில்லை என்பதால் எந்தக் கழுவலுக்கும் அசையாது. அதற்காக இன்னொரு பலகையை அறுக்க நான் பரிந்துரைக்கவில்லை. அவர்களும் துணி அடிப்பாக மிதியடியை மேலே போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவுக்குத் தடித்த திரை போட்டதில், பிற்பகலில் அங்கே தரைச்சூடு 40 டிகிரிக்குள் அடங்கியது.

அடுத்த முறை மாற்றுபவை

ஸ்கர்டிங்கைத் தொடும் முன்பே காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளையும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வைப்பது. இந்த வீட்டில் அளவுகள் இருந்தன, படம் இல்லை. கணவரை ஒப்பவைக்க அளவுகளைவிடப் படம் விரைவாக உதவியிருக்கும்.

அறுத்து வைக்கும் பலகையின் குறுக்கோரத்தில் எடையைப் பரவலாக ஏற்றாமல், மூட்டின்மேல் நேரான மரச்சட்டம் வைத்து அதன்மேல் ஏற்றுவது. சட்டத்துக்கும் மூட்டுக்கும் நடுவில் மெழுகுத்தாள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பிரிப்புப் பட்டை வைத்து ஓட்டத்தை இரண்டாக்குவதை இந்த முறை பேசியதோடு விட்டோம். நடுவில் கோடு தெரியும் என்று வீட்டார் விரும்பவில்லை. வெயில் நேரடியாக அடிக்கும் கதவு இருக்கும் இடத்தில் அடுத்த முறை இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

மீதி 2 பலகைகளைச் சாய்த்து நிறுத்தாமல் தட்டையாகப் படுக்கவைக்கச் சொல்லி, பெட்டியின் தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பக்கத்தை வெட்டி அவற்றோடு கட்டிக் கொடுத்தேன். குறுக்கோரக் கோடு இனி உயர்ந்தால் ஒன்று அதற்கு. மற்றது கையிருப்பு.